கொழும்பு வளவில் வாசக்கொடிகள்: இலையை அடக்கிப் பூவை வரவழைப்பது எப்படி

கொழும்பில் கொடி வளர்க்கப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. கொப்பொன்றை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினாலே துளிர்த்துவிடும் ஊர் இது. ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை, பனியும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. சிக்கல் பூவில்தான். மதில் முழுக்க மல்லிகை இலை பச்சைப்பசேலென்று படர்ந்து கிடக்கும். சாமிப்படத்துக்கு வைக்க ஒரு முழம் பூ தேறாது.

இதற்குக் காரணம் நாலே நாலு. பக்கத்து மாடிவீட்டு நிழல், ஒருநாளும் காயாத மண், அளவுக்கு மிஞ்சிய யூரியா, கத்தரி படாத கொப்பு. கன்று வாங்கும் நாளிலிருந்தே இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

எந்தக் கொடி, எந்த இடத்துக்கு

மல்லிகை என்று கேட்டால் கடைக்காரர் எதையும் தரலாம். ரோசாப்பூப் போல இதழ் நெருங்கிய அடுக்கு மல்லிகை வாசம் நிறைந்தது, ஆனால் அது குத்துச்செடி, பந்தலில் ஏறாது. கொடியாக வேண்டுமென்றால் இதழ் குறைந்த ஒற்றை மல்லிகையைக் கேளுங்கள். அதுவும் தானாகப் பற்றி ஏறுவதில்லை, நீங்கள்தான் கட்டி ஏற்ற வேண்டும். பிச்சி மெல்லிய கொப்புகளோடு நீண்டு வளரும், ஐந்து இதழ், மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புக் கோடு. முல்லை மொட்டு இவை இரண்டையும்விடச் சிறியது. இங்கே ஒரு சொல் குழப்பம் உண்டு: சிங்களத்தில் மல்லிகை இனத்துக்கே பொதுவாகப் ‘பிச்ச’ என்பார்கள். பிச்சி கேட்டுப் போய் மல்லிகையோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பெயரை நம்பாமல் மொட்டைப் பார்த்து வாங்குவதே நல்லது.

ரங்கூன் மல்லிக்கு மல்லிகையோடு உறவு எதுவும் இல்லை. அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, மூன்றாம் நாள் செக்கச் சிவந்து தொங்கும். வெள்ளையாக இருக்கும் இரவில்தான் வாசம் தூக்கலாக இருக்கும். 20 அடிக்கு மேல் ஏறும் முரட்டுக் கொடி. அரைப் பேர்ச் அளவுச் சிறு முற்றத்துக்கும் தொடர்மாடிப் பல்கனிக்கும் இது வேண்டாம்.

மனோரஞ்சிதம் மெதுவானது. பூ பச்சையாக இலையோடு இலையாக ஒளிந்திருக்கும். மஞ்சளாகப் பழுக்கும்போது பழவாசம் வீசும். அரைநிழலைத் தாங்குவதால் மாமரத்தடியில் இடம் இருப்பவர்களுக்குப் பொருந்தும். விதையிலிருந்து வளர்த்தால் பூவைப் பார்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குப் பாம்பு வரும் என்று சொல்வார்கள். பாம்பு வருவது வாசத்துக்கு அல்ல. அடர்ந்த புதருக்குள் தவளையும் எலியும் ஒதுங்குவதால்தான் வருகிறது. அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கொப்புகளைக் கழித்து, கீழே வெளிச்சம் தெரியும்படி வைத்திருங்கள்.

ஊதாப் பூக்கொத்தைக் கண்டு மயங்கி உள்ளிக்கொடி வாங்குகிறவர்களும் உண்டு. பூ அழகுதான். இலையைக் கசக்கினால் சமையலறை வாசம்.

பத்தரமுல்லை தியத்த உயன போன்ற இடங்களில் கன்று வாங்கும்போது பூ நிறைந்த கன்றைத் தேடாதீர்கள். சாடியின் அடித் துளையைப் பாருங்கள். வேர் சுருண்டு வெளியே தள்ளியிருந்தால் அது அங்கே அதிக நாள் கிடந்த கன்று. விற்பனைக் கன்றுகள் பெரும்பாலும் நிழல்வலைக்குக் கீழ் நிற்பவை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். முதல் ஒரு கிழமை காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்குங்கள்.

வெயில் எந்தப் பக்கம்

மல்லிகை வகைகளுக்கும் ரங்கூன் மல்லிக்கும் நாளுக்கு 5, 6 மணித்தியால நேரடி வெயில் வேண்டும். ‘வெளிச்சமான இடம்’ போதாது. மூன்று மணித்தியால வெயிலில் மல்லிகை உயிரோடிருக்கும், பூக்காது.

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் வெயில் பக்கம் மாறும். ஏப்ரல் முதல் வாரம் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. அதிலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்து சாய்வாக விழும். மற்ற மாதங்களில் தெற்கிலிருந்து சாய்வாக விழும். ஆகவே தெற்குப் பார்த்த மதில் ஜனவரியில் நல்ல வெயிலாகத் தெரிந்தாலும் ஜூனில் நிழலாகிவிடும். வடக்குப் பார்த்த மதிலுக்கு இது தலைகீழ். கிழக்கோ மேற்கோ பார்த்த மதிலுக்கு ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் உறுதி. நடுவதற்கு முன் ஒரு முழு நாள் மணிக்கொரு தடவை அந்த இடத்தைப் பார்த்து, வெயில் விழுந்த மணிகளை எழுதி வையுங்கள். இந்த ஒரு நாள் சோம்பல்தான் பின்னால் மூன்று ஆண்டு ஏமாற்றமாகிறது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடலைப் பார்த்த பல்கனி என்றால் இன்னொன்றும் உண்டு. தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை உப்பை அள்ளி வந்து இலையில் பூசும். இலை விளிம்பு கருகினால் தண்ணீர்ப் பஞ்சம் என்று நினைத்து மேலும் ஊற்றாதீர்கள். மழையில்லாமல் காற்று மட்டும் அடித்த நாட்களில், மாலையில் இலை நனையக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிட்டாலே போதும். சாடியைத் தடுப்புச் சுவருக்குக் கீழே இறக்கி வைத்தால் காற்றின் அடி நன்றாகக் குறையும்.

குழியும் சாடியும்

நிலத்தில் நடுவதற்கு நல்ல காலம் ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை. பருவமழை தணிந்திருக்கும், ஒக்டோபர் மழை வருமுன் வேர் பிடித்துவிடும். மே மாதத்து அடைமழையில் நட்ட கன்றுகள் பல அழுகிப்போகும்.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் கொண்ட குழி வெட்டுங்கள். கொழும்பின் உட்பகுதிகளில் ஓரடிக்குக் கீழே கபுக்கல் வந்துவிடும், அலவாங்கு இல்லாமல் இறங்க முடியாது. வெட்டி முடித்ததும் குழி நிறையத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கினால் நல்லது. இறங்காமல் நின்றால் நீங்கள் வெட்டியிருப்பது குழி அல்ல, தொட்டி. எவ்வளவு நல்ல மண் போட்டாலும் மழைக்கு வேர் மூழ்கும். அங்கே குழியை மூடிவிட்டு, ஓரடி உயர மண்மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

மதிலோடு ஒட்டி நடவே கூடாது. குறைந்தது ஒன்றரை அடி தள்ளுங்கள். வீடு கட்டும்போது மதிலடியில் கொட்டிய சாந்தும் சீமெந்துக் கழிவும் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அந்தச் சுண்ணாம்பால் மல்லிகைக்கு இரும்புச்சத்து எட்டாமல் போகும். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, துளிர் இலை மஞ்சளாக வெளிறுவது இதனால்தான். உரம் போட்டுத் தீராது. ஒரு லீற்றர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேற் கரைத்து, மாதம் ஒருமுறை மாலையில் இலையில் தெளியுங்கள். புதிய இலை பச்சையாக வரும்வரை தொடருங்கள். கரைசல் சீமெந்துத் தரையில் பட்டால் துருக்கறை படியும், சாக்கு விரித்துவிட்டுத் தெளிப்பது நல்லது. கடற்கரையோரச் சிப்பி கலந்த மணலிலும் இதே நோய் வரும். அடுப்புச் சாம்பலை மல்லிகை அடியில் கொட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். சாம்பல் சுண்ணாம்பின் வேலையையே செய்யும்.

சாடி என்றால் வாயகலம் 16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. வாயகலம் சற்றுக் குறைந்தாலும் ஆழமான 20 லீற்றர் பெயின்ட் வாளியும் சரி. அடியில் ஒரே துளை போதாது; விரல் நுழையும் அளவில் ஆறு துளைகள், அவற்றில் இரண்டு பக்கவாட்டில், அடியிலிருந்து ஓரங்குல உயரத்தில். கலவை: மேல்மண் 2 பங்கு, ஆற்றுமணல் 1 பங்கு, கூட்டெரு அல்லது மக்கிய மாட்டெரு 1 பங்கு, தும்புத்தூள் அரைப் பங்கு. தும்புத்தூளை இதற்கு மேல் சேர்க்க வேண்டாம். வறண்ட ஊர்களில் ஈரம் காப்பதற்கு அது உதவும்; இங்கே மழைக்காலத்தில் ஈரத்துணி போல வேரைச் சுற்றிக்கொள்ளும். சேர்ப்பதற்கு முன் இரண்டு தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள், உப்பு போகும்.

சாடிக்குக் கீழ்த்தட்டு வைக்காதீர்கள். நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான். நுளம்பு பெருக இடம் கொடுத்தால் வழக்குப் போட 2007ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சாடியை மூன்று செங்கல் துண்டுகளின் மேல் தூக்கி வைத்தால் தண்ணீரும் வடியும், அடித் துளையால் மண்புழுவும் நத்தையும் ஏறுவதும் குறையும்.

பந்தலும் கட்டும்

எந்தக் கொடி எப்படி ஏறுகிறது என்று தெரியாமல் பந்தல் போட்டால் காசு வீண். மல்லிகைக்கும் பிச்சிக்கும் பற்றுக்கம்பி கிடையாது; சாய்ந்து, சற்றே சுற்றி எழும். அவற்றுக்கு ஓரடி இடைவெளியில் குறுக்குக் கம்பி போதும், கட்டுவது உங்கள் வேலை. ரங்கூன் மல்லிக்கு இரண்டங்குல இரும்புக்குழாய்க் கால்கள் வேண்டும். மழையில் நனைந்த முழுக்கொடியின் பாரத்தில் சவுக்குத் தடி முறியும். மனோரஞ்சிதம் பூக்காம்புக் கொக்கியால் மாட்டிக்கொண்டு ஏறும், அதற்குத் தடித்த குறுக்குச் சட்டம் பிடிக்கும். அந்தக் கொக்கிகளிலேயே பூவும் வருவதால் ‘முள்’ என்று நினைத்து நறுக்கிவிடாதீர்கள்.

மதிலில் கம்பி அடிக்கும்போது சுவரிலிருந்து 3, 4 அங்குலம் வெளியே தள்ளி நிற்கட்டும். பின்னால் காற்றோட்டம் இல்லாவிட்டால் மாவுப்பூச்சி குடியேறும், சுவரும் பாசி பிடிக்கும். கடலோரத்தில் சாதாரணக் கட்டுக்கம்பி சீக்கிரமே துருவேறி அறும். பிளாஸ்டிக் பூசிய கம்பியோ துருப்பிடிக்காத உருக்குக் கம்பியோ முதலில் விலை கூடினாலும் கொடியைக் கழற்றி மறுபடி கட்டும் வேலையை மிச்சப்படுத்தும்.

மூங்கிலும் இரும்புக்குழாயும் நட்டால் மேல்வாயை மறக்காமல் அடையுங்கள். மூங்கில் கணுவுக்கு மேல் நிற்கும் குழியும் திறந்த குழாயும் நுளம்புக்குக் கிணறு. மணலை நிரப்பி மேலே சீமெந்து பூசினால் முடிந்தது.

கட்டுவதற்குப் பழைய பருத்திச் சேலைக் கரையைக் கிழித்த நாடாவே சிறந்தது. கம்பியில் இறுக்கமாகவும் தண்டில் விரல் நுழையுமளவு தளர்வாகவும், எட்டு என்ற இலக்க வடிவில் கட்டுங்கள். நேரே மேலே ஏற்றிக் கட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. நெட்டாக நிற்கும் தண்டு நுனியை மட்டுமே வளர்க்கும். பூவெல்லாம் பக்கத்து வீட்டு மாடிக்குத்தான் போகும். தண்டைச் சாய்த்து, முடிந்தால் படுக்கைவாட்டில் கட்டினால் ஒவ்வொரு கணுவிலும் பக்கத்துளிர் எழும். பூ அந்தப் பக்கத்துளிர்களின் நுனியில் வரும்.

வீட்டுக்கு வரும் மின்கம்பி, கூரைப் பீலி, ஓட்டு விளிம்பு ஆகியவற்றிலிருந்து ஆறடி தள்ளியே எந்தக் கொடியையும் நிறுத்துங்கள். ரங்கூன் மல்லி ஓட்டுக்குக் கீழ் நுழைந்தால் ஓடு தூக்கும். உதிர்ந்த பூ பீலியை அடைக்கும்.

வெட்டு

மல்லிகை புதுத்துளிரில்தான் பூக்கும். பழைய கொப்பு பத்து ஆண்டு நின்றாலும் இலைதான் தரும். மதுரைப் பக்கம் நவம்பர் கடைசியில் கவாத்து செய்வார்கள். அதைக் காணொளியில் பார்த்துவிட்டு இங்கே நவம்பரில் வெட்டினால் வெட்டுவாய் மழையில் நனைந்து கொப்பு நுனியிலிருந்து கறுத்துக் காய்ந்து வரும். நமக்கு ஏற்றது ஜனவரி நடுப்பகுதி, பொங்கல் கழிந்த கையோடு. மழை ஓய்ந்து, காற்று வறண்டு, வெயில் தெளிந்திருக்கும்.

முதலில் தண்ணீரைக் குறையுங்கள். நிலத்துக் கொடிக்கு 10 முதல் 14 நாள் தண்ணீர் விடவே வேண்டாம். சாடிக்கு அவ்வளவு தாங்காது. நண்பகலில் இலை தொய்யத் தொடங்கும் வரை, அதாவது நாலைந்து நாள். இந்தச் சிறு பட்டினிதான் இலை வளர்ச்சியை நிறுத்தும்.

பிறகு கூரான கத்தரியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்ளே நிழலில் குச்சியாக மெலிந்தது எல்லாம் அடியோடு போகட்டும். நாலு முதல் ஆறு முதன்மைத் தண்டுகளைப் பந்தலில் அப்படியே விட்டு, அவற்றின் பக்கக் கொப்புகளை இரண்டு மூன்று கணு மட்டும் மிஞ்சும்படி நறுக்குங்கள். வெட்டு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சரிவாக விழ வேண்டும். எஞ்சிய பழைய இலைகளையும் உருவிவிடுங்கள். பார்க்க மொட்டையாக, பரிதாபமாக இருக்கும். வீட்டில் ஏச்சு விழலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிமண்ணை இரண்டங்குல ஆழத்துக்கு மட்டும் கிளறி, நிலத்துக் கொடிக்கு 5 கிலோ மக்கிய மாட்டெரு, 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கு, 100 கிராம் எலும்புத்தூள் கலந்து மூடி, ஒருமுறை நிறையத் தண்ணீர் விடுங்கள். சாடிக்கு இதில் நாலில் ஒரு பங்கு. அதன் பின் நிலத்துக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, சாடிக்கு மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகு. 10, 15 நாளில் துளிர் கண் திறக்கும். ஐந்தாறு கிழமையில், மார்ச் தொடக்கமளவில், மொட்டு.

முதல் பூக்காலம் முடிந்ததும் பூத்த நுனிகளை இரண்டு சோடி இலையோடு கிள்ளிவிடுங்கள்; அடுத்த துளிர் அங்கிருந்து வரும். மே, ஜூன் அடைமழையில் கத்தரியைத் தொடாதீர்கள். ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு வெட்டு, ஆனால் கொப்பில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். முதல் ஆண்டுக் கன்றுக்கு இவை எதுவும் வேண்டாம். அது பந்தல் உயரம் தொட்டதும் நுனியை மட்டும் கிள்ளுங்கள்.

ரங்கூன் மல்லிக்கும் பூ முடிந்த பிறகு இதே வெட்டுத்தான், இன்னும் கடுமையாக. அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகளை வெட்டாமல், மண்ணை விலக்கி வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் ஒன்றுக்கு மூன்றாக எழும். இலை உதிர்ந்த காம்படி முள்ளாக நிற்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மனோரஞ்சிதத்துக்கு ஒழுங்கான வெட்டு தேவையில்லை. பாதையை மறிப்பதை மட்டும் கழியுங்கள்.

உரத்தில் ஒரு எச்சரிக்கை போதும்: யூரியா இலைக்கு. புல்தரைக்குப் போட்ட மிச்சத்தை மல்லிகைக்குத் தூவுவதுதான் பூவைக் கெடுக்கும் விரைவான வழி. பூக்காலத்தில் சாடிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி எம்.ஓ.பி. எனும் பொட்டாசியம் உரத்தை விளிம்போரமாகத் தூவித் தண்ணீர் விடுங்கள். தண்டோடு படக்கூடாது.

மொட்டு கெடுவது

மொட்டில் ஊசித்துளை, பக்கத்து மொட்டுகளோடு நூல் பின்னல், இது மொட்டுப்புழு. மொட்டு விரியாமல் அடி வீங்கி ஊதா நிறமாகிக் காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அதன் புழு கீழே விழுந்து மண்ணில் கூட்டுப்புழுவாகும். இரண்டுக்கும் முதல் மருந்து கைதான். கெட்ட மொட்டுகளைக் காலையில் பறித்துச் சவர்க்காரத் தண்ணீர் வாளியில் போடுங்கள், அடியில் உதிர்ந்தவற்றையும் கூட்டி அள்ளுங்கள், கிழமைக்கு ஒருமுறை மேல்மண்ணைக் கிளறி வெயில் காட்டுங்கள். பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர், திரவச் சவர்க்காரம் சில துளி என்று கலந்து, கிழமைக்கு ஒருமுறை மாலையில், மொட்டு அரும்பும் நாளிலிருந்து தெளியுங்கள். மொட்டு வெளுத்த பிறகு தெளித்தால் வேம்பு வாசமே பூமாலையில் மிஞ்சும்.

எறும்பு வரிசையாக ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். பழைய பல்துலக்கியால் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவுங்கள். பெப்ரவரி வறட்சியில் இலைக்குக் கீழ் மெல்லிய வலையும் மேலே வெளிர்புள்ளியும் தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்புறம் நனையத் தண்ணீர் அடித்தாலே பெரும்பகுதி போய்விடும்.

மண் ஈரமாக இருந்தும் கொடி வாடினால் வேர் அழுகிவிட்டது. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். சாடியென்றால் கன்றை எடுத்துக் கறுத்துக் குழைந்த வேரை வெட்டி, மணல் கூட்டிய கலவையில் மறுபடி நடுங்கள். மழையிரவில் வரும் பெரிய ஆபிரிக்க நத்தை இளங்கன்றை ஒரே இரவில் தின்றுவிடும். அதன்மேல் உப்பைத் தூவினால் சாவது நத்தை மட்டுமல்ல, மண்ணும்தான். கையுறையோடு பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள்.

பறிக்கும் நேரம்

மாலை கட்டுவதற்கு மல்லிகை மொட்டை விடியற்காலையில், முழுதாக வெளுத்துத் தடித்திருக்கும்போது பறியுங்கள். பச்சை கலந்த மொட்டு பறித்தபின் விரியாது. அன்று அந்திக்குள் விரிந்துவிடும் என்பதால் காலையிலேயே கட்டிவிட வேண்டும். உடனே கட்ட முடியாவிட்டால் பிழிந்த ஈரத்துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். மழையில் நனைந்த மொட்டை அப்படியே மூடி வைத்தால் பழுப்பாகும். முதலில் சுளகில் பரப்பி மின்விசிறிக் காற்றில் அரை மணித்தியாலம் உலர்த்துங்கள்.